தாவீது என்னும் பிர்சா

1899-ஆம் ஆண்டு டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ராஞ்சிக்குத் தெற்கே, காடும் குன்றும் சூழ்ந்த சர்வதா என்னும் ஊரில் இயேசு சபைக் குருக்களின் மறைப்பணித்தளம் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த இரவில் இருளுக்குள்ளிருந்து அம்புகள் வந்தன. பணித்தளத்தில் இருந்த அருட்தந்தை ஜான் ஹாப்மன் மயிரிழையில் உயிர் பிழைத்தார். குந்தி, தமார், தோர்ப்பா, பசியா, சக்ரதர்பூர் என்று பல காவல் நிலையங்களின் எல்லைக்குள் அதே வேளையில் அம்பும் நெருப்பும் பாய்ந்தன. ஜமீன்தாரின் ஆட்கள், காவலர்கள், பிற கிறிஸ்தவ சபைகளின் பணித்தளங்கள் எவையும் தப்பவில்லை.

இந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கியவருக்கு அப்போது வயது 24. பெயர் பிர்சா முண்டா. அவர் திருமுழுக்குப் பெற்றவர், மறைபரப்பாளர்களின் பள்ளியில் படித்தவர். திருமுழுக்கில் அவருக்குக் கிடைத்த பெயர் தாவீது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 15 அன்று, தலைப்பாகை கட்டிய அந்த இளைஞரின் படத்தைச் செய்தித்தாள்களில் நாம் பார்க்கிறோம். விடுதலைப் போராட்ட வீரர் என்ற ஒரு வரியோடு அதைக் கடந்து விடுகிறோம். ஆனால் கிறிஸ்து பிறப்பு இரவில், ஒரு காலத்தில் நம்மோடு இருந்த ஒருவரின் கூட்டத்திலிருந்து நம் பணித்தளத்தை நோக்கி ஏன் அம்பு வந்தது என்பதைத் திருச்சபையின் மக்களாகிய நாம் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்கு முதலில் முண்டா மக்களின் நிலத்தைப் பற்றி அறிய வேண்டும்.

முண்டாக்களின் முன்னோர் காட்டுக்குள் வந்து மரங்களை வெட்டி, மண்ணைத் திருத்தி, ஊர் அமைத்தனர். எந்தக் குலம் காட்டைத் திருத்தியதோ அந்தக் குலத்துக்கே அந்த நிலம் முழுவதும் பொதுவில் சொந்தம். இந்த முறைக்குக் குந்த்கட்டி என்று பெயர். ஊருக்கு ஒரு முண்டா தலைவராக இருப்பார். சில ஊர்களுக்குச் சேர்த்து மான்கி ஒருவர் இருப்பார். பட்டா, பத்திரம் எதுவும் அவர்களிடம் கிடையாது. இறந்தவர்களின் எலும்புகளைப் புதைத்து, அதன்மேல் பெரிய கற்பலகைகளை வைப்பார்கள். சாசன்திரி எனப்படும் அந்தக் கற்கள் எந்த ஊரில் கிடக்கின்றனவோ அந்த ஊர் அந்தக் குலத்துடையது. அவர்களுக்குத் தெரிந்த ஆவணம் அதுதான்.

சோட்டா நாகபுரி அரசருக்கு அவர்கள் கொடுத்து வந்தது சிறு காணிக்கை மட்டுமே. 1771-இல் அந்த அரசர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டு ஆண்டுதோறும் பணம் கட்ட ஒப்புக்கொண்டார். அரசவையின் ஆடம்பரம் ஒருபுறம், கம்பெனியின் வசூல் மறுபுறம். குதிரை விற்க வந்தவர், பட்டு விற்க வந்தவர், உறவினர், புரோகிதர் என்று பலருக்கும் கடனுக்கும் கைம்மாறுக்கும் ஈடாக அரசர் ஊர்களை எழுதிக் கொடுத்தார். வந்தவர்கள் ஊர்களுக்கு உரிமையாளர்கள் ஆகிக் காணிக்கையைக் குத்தகையாக மாற்றினர். தீர்வை ஏறிக்கொண்டே போனது. வீட்டில் காய்ச்சும் அரிசி மதுவுக்குக்கூட வரி வந்தது. இவற்றோடு கூலியில்லா உழைப்பும் சேர்ந்துகொண்டது. அதை அங்கே பேத் பேகாரி என்றார்கள். வெட்டி வேலை என்றால் நம் தாத்தா பாட்டிகளுக்கு உடனே புரிந்திருக்கும். ஜமீன்தாரின் வயலை உழுவதும் அவர் பல்லக்கைச் சுமப்பதும் அவர் வீட்டு விறகைப் பிளப்பதும் முண்டாவின் கடமை என்று ஆனது. இப்படி வெளியிலிருந்து வந்து அமர்ந்தவர்களை முண்டாக்கள் திக்கு என்றனர். நாம் திசைக்குச் சொல்லும் திக்கு அல்ல இது. அந்நியன், ஏய்ப்பவன் என்ற கசப்பு அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

1831, 1832 ஆண்டுகளில் கோல் கிளர்ச்சி என்ற பெயரில் அந்தக் கசப்பு முதலில் வெடித்தது. படை அதை அடக்கியது. நில முறை மாறவில்லை. 1855-இல் வடக்கே சந்தால் மக்கள் சிது, கானு சகோதரர்களின் தலைமையில் எழுந்தனர். அதுவும் இரத்தத்தில் முடிந்தது. அதன்பின் முண்டாத் தலைவர்கள் வேறு வழியைத் தேடினர். 1858 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மனு எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். சர்தார்களின் போராட்டம் என்று இதைச் சொல்வர். 1869-இல் அரசு ஒரு சட்டம் இயற்றி நில அளவை நடத்தியது. 1880 வரை நடந்த அந்த அளவையில் குந்த்கட்டி நிலங்களில் பெரும்பகுதி கணக்கில் வராமலே விடுபட்டது. நீதிமன்றத்தின் மொழியும் எழுத்தும் முண்டாவுக்குத் தெரியாது. ஜமீன்தாருக்கோ இரண்டும் தெரிந்திருந்தன.

இந்த இடத்தில்தான் கிறிஸ்தவ மறை உள்ளே வருகிறது. ஜெர்மானிய லூத்தரன் மறைபரப்பாளர்கள் 1845-இல் ராஞ்சிக்கு வந்தனர். கத்தோலிக்கத் திருமறையில் 1873-இல் 28 முண்டாக்கள் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1885-இல் தோர்ப்பாவுக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், மக்களின் நில வழக்குகளைக் கையில் எடுத்தார். குத்தகைச் சட்டத்தைக் கற்றுக்கொண்டு, எந்தத் தொகை நியாயம், எது அநியாயம், ரசீது கேட்பது எப்படி, நீதிமன்றத்தில் எதைச் சொல்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் பேர் திருமறையில் சேர்ந்தனர். உடல் நலிந்து 1892-இல் ஊர் திரும்பிய அவர் அடுத்த ஆண்டே இறந்தார். நிலத்துக்காக வந்தார்களா, விசுவாசத்துக்காக வந்தார்களா என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. அப்பத்துக்காகத் தம்மைத் தேடி வந்த கூட்டத்தை ஆண்டவர் கடிந்துகொண்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு முந்தின நாளே அப்பம் கொடுத்தவரும் அவர்தானே.

பிர்சா 1875-இல் பிறந்தார். குந்திப் பகுதியில் உள்ள உலிஹாத்து அவரது பிறந்த ஊர் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தந்தை சுகானா முண்டா, தாய் கர்மி. நிலமில்லாத குடும்பம். பிழைப்புக்காக ஊர் ஊராக மாறியது. மூங்கில் தட்டி வீடு, அரை வயிற்றுக் கஞ்சி. பிர்சா புல்லாங்குழல் வாசிப்பார். சுரைக்குடுக்கையில் ஒற்றைத் தந்தி கட்டிய துய்லா என்னும் கருவியையும் மீட்டுவார். ஆடு மேய்க்கப் போன இடத்தில் கவனம் சிதறி, ஆடுகள் அடுத்தவர் பயிரில் இறங்கி, அதற்காக அடி வாங்கியதாகச் சொல்வார்கள். ஆடு மேய்த்து இசை மீட்டிய சிறுவனுக்குத் திருமுழுக்கில் தாவீது என்று பெயர் வைத்தவர் தெரிந்து வைத்தாரோ, தெரியாமல் வைத்தாரோ!

சிறு வயதில் சல்காவிலும் பிறகு புர்ஜுவிலும் படித்தார். அங்கிருந்து சாய்பாசாவில் இருந்த லூத்தரன் சபைப் பள்ளிக்குப் போனார். 1886 முதல் 1890 வரை அங்கே படித்தார். அந்த ஆண்டுகளில்தான் சர்தார்களுக்கும் மறைபரப்பாளர்களுக்கும் இடையே விரிசல் பெரிதானது. காடு திருத்திய நிலம் முழுவதும் எங்களுடையது என்றனர் சர்தார்கள். சட்டத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவே கேட்கலாம் என்றனர் மறைபரப்பாளர்கள். அரசை எதிர்க்கும் பேச்சைப் பணித்தளங்கள் ஏற்கவில்லை. மறைபரப்பாளரும் வெள்ளை அதிகாரியும் ஒரே தொப்பி அணிந்தவர்கள் என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். 1890-இல் சுகானா மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டார். குடும்பம் சபையை விட்டு விலகியது.

விவிலியத்தின்மீது வந்த வெறுப்பினால் அவர்கள் போகவில்லை. நிலத்தின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதே காரணம். லீவன்ஸ் அடிகளார் தொடங்கி வைத்தது நின்றுபோகவில்லை என்றாலும், மக்களின் ஏக்கத்துக்கு அது போதவில்லை. இதைச் சொல்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மறைக்கவும் வேண்டியதில்லை.

பின்னர் பந்த்காவ் என்னும் இடத்தில் ஜமீன்தாரின் கணக்கர் ஒருவரிடம் பிர்சா சில ஆண்டுகள் தங்கினார். அவர் வைணவர். பிர்சா அங்கே பூணூல் அணிந்தார், துளசியை வணங்கினார், இறைச்சியை விட்டார். அதே காலத்தில் அரசு ஊர்ப் பொதுநிலங்களையும் காடுகளையும் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்து வேலியிட்டது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காசு கேட்டது. காட்டு வரியைத் தள்ளுபடி செய்யக் கேட்டு 1894-இல் மக்கள் மனு கொடுக்கப் போனபோது பிர்சாவும் அவர்களோடு போனார்.

1895-இல் சல்காத் என்னும் ஊரில் அவர் இறைவாக்கினராக வெளிப்பட்டார். கடவுள் தமக்கு வெளிப்பட்டார் என்று அறிவித்தார். நோயுற்றவர்களைத் தொட்டு வேண்டினார். ஆவிகளுக்குப் பலியிடுவதை விடுங்கள், சிங்போங்கா என்னும் ஒரே கடவுளை வழிபடுங்கள், மது அருந்தாதீர்கள், வீட்டையும் உடலையும் தூய்மையாக வைத்திருங்கள் என்று போதித்தார். முண்டா மரபு, பள்ளியில் கேட்ட விவிலியம், பந்த்காவில் பார்த்த வைணவம் மூன்றும் அதில் கலந்திருந்தன. மக்கள் அவரைத் தர்த்தி ஆபா என்று அழைத்தனர். மண்ணின் தந்தை என்று பொருள். மூட்டையில் அரிசி கட்டிக்கொண்டு மலை தாண்டி ஆயிரக்கணக்கில் வந்தனர். கிறிஸ்தவர்களும் போனார்கள். பணித்தளங்களின் ஞாயிறு வழிபாடுகளில் கூட்டம் குறைந்தது.

அவரைத் தவறான இறைவாக்கினர் என்றே அன்றைய குருக்கள் கருதினர். ஹாப்மன் அடிகளாரும் அவருக்கு ஆதரவாளர் அல்லர். அந்த இயக்கம் ஆபத்தானது என்றே அவர் எண்ணினார். விசுவாச அடிப்படையில் பிர்சாவின் போதனையை நாமும் ஏற்க முடியாதுதான். ஆனாலும் குடியையும் ஆவிப் பயத்தையும் விடச் சொன்ன ஓர் இளைஞரைச் சுற்றி அத்தனை பேர் கூடியதற்குப் போதனை மட்டுமே காரணம் அன்று. வெள்ளையர் ஆட்சி முடியும், நிலம் நமக்குத் திரும்பும், இனி யாருக்கும் வரி இல்லை என்ற நற்செய்தியும் அங்கே சொல்லப்பட்டது.

1895 ஆகஸ்டில் காவல்துறையினர் இரவில் சென்று அவரைக் கைது செய்தனர். 2 ஆண்டுக் கடுங்காவல், 50 ரூபாய் அபராதம். ஹசாரிபாக் சிறையில் இருந்தார். அவர் உள்ளே இருந்த காலத்தில் வெளியே பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது. ஜமீன்தாரின் குத்தகை மட்டும் நிற்கவில்லை. சிறையிலிருந்து திரும்பி வந்தவர் தம் மக்களின் எலும்பும் தோலுமான உடல்களைப் பார்த்தார்.

அதன்பின் அவர் பேச்சு மாறியது. மனு எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அவரது மக்கள் 40 ஆண்டுகளாகப் பார்த்திருந்தார்கள். 1898, 1899 ஆண்டுகளில் தொம்பாரி மலையில் இரவுக் கூட்டங்கள் நடந்தன. வெள்ளைக் கொடி பிர்சா ஆட்சியின் அடையாளம் ஆனது. 1899-இல் மீண்டும் பஞ்சம். அந்த டிசம்பரில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன இரவு வந்தது.

1900 ஜனவரியின் முதல் வாரத்தில் காவலர்கள் சிலர் கொல்லப்பட்டனர். குந்தி காவல் நிலையம் தாக்கப்பட்டது. அந்தக் காவலர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் என்பதை நாம் மறக்கலாகாது. அம்பு எய்ததை நியாயப்படுத்துவது நம் நோக்கம் அன்று. ஜனவரி 9 அன்று தொம்பாரி அருகே சைல் ரகப் குன்றில் கூடியிருந்தவர்களைப் படை சுற்றி வளைத்தது. வில், கோடரி, கவண் ஒரு பக்கம், துப்பாக்கிகள் மறுபக்கம். குன்றில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இறந்தவர்கள் சிலரே என்று அரசு கணக்குச் சொன்னது. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் இதழ் 400 பேர் என்று எழுதியது. இன்று வரை அந்த எண்ணிக்கையில் முடிவு இல்லை.

பிர்சா தப்பிக் காட்டுக்குள் போனார். தலைக்கு 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பஞ்ச காலத்தில் 500 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி 3 அன்று சக்ரதர்பூர்ப் பகுதிக் காட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். கை விலங்கோடு ராஞ்சி சிறைக்குக் கொண்டுவந்தனர். நூற்றுக்கணக்கானோர் மீது வழக்கு நடந்தது. விசாரணை இழுத்துக்கொண்டே போக, தீர்ப்புக்கு முன்பே சிலர் சிறையில் இறந்தனர். ஜூன் 9 அன்று பிர்சாவும் இறந்தார். காலரா என்று சிறை அதிகாரிகள் சொன்னார்கள். நஞ்சு வைக்கப்பட்டது என்று மக்கள் நம்பினார்கள். 25 வயது நிரம்பவில்லை. ராஞ்சியின் கோக்கர் பகுதியில் ஓடைக்கரையில் அவசர அவசரமாக உடல் எரிக்கப்பட்டது. ஊரில் சாசன்திரிக் கல்லின்கீழ் முன்னோரோடு சேர வேண்டிய எலும்புகள் அங்கே போய்ச் சேரவில்லை.

தீர்ப்பு வருமுன்னே காவலில் இறந்தவர் என்று எழுதும்போது, நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து, அதே ராஞ்சியில் அதே மக்களோடு வாழ்ந்த இயேசு சபை அருட்தந்தை ஸ்டான் சுவாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக அவர் உழைத்தார். 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று மும்பையில், பிணைக்காகக் காத்திருந்த விசாரணைக் கைதியாகவே 84 வயதில் இறந்தார்.

சர்வதாவுக்குத் திரும்புவோம். ஹாப்மன் அடிகளார் 1857-இல் ஜெர்மனியில் பிறந்தவர். அம்பு தப்பிப் போன அந்த இரவுக்குப் பிறகு அவர் ஊரை விட்டுப் போயிருக்கலாம். எய்தவர்களுக்குத் தண்டனை போதும் என்று இருந்திருக்கலாம். அவர் முண்டாரி மொழி நன்கு அறிந்தவர். ஊர் ஊராகச் சென்று நில வழக்கங்களை அறிந்து வைத்திருந்தவர். குந்த்கட்டி என்றால் என்ன, அது எப்படிப் பறிபோனது, இந்த மக்கள் ஏன் வில்லை எடுத்தார்கள் என்று அரசுக்கு எழுதினார். எழுச்சியால் அதிர்ந்து போயிருந்த அரசு இப்போது கேட்டது. 1902-இல் புதிய நில அளவை தொடங்கியது. 1903-இல் குந்த்கட்டி உரிமையைச் சட்டம் முதன்முறையாக ஏற்றது. 1908-இல் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியினரின் நிலம் வெளியார் கைக்குப் போவதை அது கட்டுப்படுத்தியது. வெட்டி வேலைக்கும் முடிவு கட்டியது. அந்தச் சட்டத்தின் உருவாக்கத்தில் ஹாப்மன் அடிகளாரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைச் சொல்லும்போது நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சட்டத்தைத் தந்தது குருவானவர் என்று பெருமை பேசுவது எளிது. எழுச்சி இல்லாதிருந்தால் அவர் எழுதியதை யார் படித்திருப்பார்கள்? 40 ஆண்டுகளாக மனுக்கள் போய்க்கொண்டுதானே இருந்தன. நாபோத்து திராட்சைத் தோட்டத்தைத் தர மறுத்தபோது அவருக்காகப் பேச ஊரில் ஒருவரும் இல்லை. அவர் கல்லெறியுண்டு இறந்த பிறகே எலியா ஆகாபின்முன் வந்து நின்றார். தொம்பாரியில் விழுந்தவர்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அடிகளார் அதோடு நிற்கவில்லை. வட்டிக்காரர்களிடமிருந்து மக்களைக் காக்க 1909-இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். 1915-இல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கிலேய அரசு அவரை நாட்டை விட்டு அனுப்பியது. அந்த அரசுக்கு எதிரானவர் என்று பிர்சாவின் ஆட்கள் அவரை ஒருநாளும் எண்ணியதில்லை! ஜெர்மனியில் இருந்துகொண்டே முண்டா மக்களின் சொற்களையும் வழக்கங்களையும் தொகுத்த பெரிய கலைக்களஞ்சியத்தை எழுதி வந்தார். 1928-இல் டிரியர் நகரில் இறந்தார்.

ஜார்க்கண்ட் மாநிலம் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று, பிர்சாவின் பிறந்த நாளில் உருவானது. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்த 2016-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பழங்குடி அமைப்புகளும் திருச்சபையினரும் எதிர்த்தனர். சந்தால் பழங்குடியைச் சேர்ந்த ஆளுநர் திரௌபதி முர்மு 2017-இல் அதைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அரசு திருத்தத்தைக் கைவிட்டது. 2022-இல் குடியரசுத் தலைவரான அவர், அதே ஆண்டு நவம்பர் 15 அன்று உலிஹாத்துக்குச் சென்று பிர்சாவின் சிலைக்கு மரியாதை செலுத்தினார்.